பக்கத்து வீட்டுக்காரன் இல்லாத தெரு

சென்ற இதழில் நண்பர் எழுதியிருக்கும் மூன்று பக்கங்களில் 'போலி' என்ற சொல் 19 இடங்களில் வருகிறது. சந்தேகம் தட்டியதால் பென்சிலை எடுத்து எண்ணினேன். கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் கேளிக்கைப் பூங்காவில் வருஷா வருஷம் நிறுத்தப்படும் 60 அடி கிறிஸ்மஸ் மரம் போலி. அது நிற்கிற மெயின் ஸ்ட்ரீட் போலி. இரவு வாண வேடிக்கை முடிந்ததும் அந்தத் தெருவில் பொழிகிற பனி போலி. அண்ணாந்து பார்த்து நிற்கிற ஜனங்களின் சந்தோஷமும் போலி. நண்பர் இவற்றைச் சொல்வதற்கு உம்பெர்த்தோ எக்கோவின் 1975ஆம் வருஷத்துக் கட்டுரையையும் பொத்ரியாரின் 1981ஆம் வருஷத்துப் புத்தகத்தையும் துணைக்கு அழைத்திருக்கிறார். இரண்டு பேரும் டிஸ்னிலாண்டுக்குள் நடந்து பார்த்துவிட்டு எழுதுகிற தோரணையில் எழுதியவர்கள். நண்பர் அவர்களுக்குள் நடந்துவிட்டு எழுதியிருக்கிறார்.

டிஸ்னி ஸ்தாபனத்துக்கு வக்காலத்து வாங்குவது என் உத்தேசமில்லை. அதற்கு நல்ல சம்பளத்தில் வக்கீல்கள் இருக்கிறார்கள். என் வழக்கு அந்த ஒரு சொல்லோடு. எனக்குத் தெரிந்து நம் பத்திரிகைகளில் இந்தச் சொல் ஒரு விமர்சனக் கருவியாக வந்து, பிறகு ஒரு வசவாகி, இப்போது ஒரு சௌகரியமாகி நிற்கிறது. ஒன்றைப் போலி என்று சொல்லிவிட்டால் பிறகு அதைப் பார்க்க வேண்டியதில்லை. கவிதையை இப்படித்தான் தள்ளினோம், நாடகத்தை இப்படித்தான் தள்ளினோம், ஒருவரையொருவர் இப்படித்தான் தள்ளிக்கொண்டோம். தள்ளியவற்றில் பாதி தள்ள வேண்டியவைதான். ஆனால் ஏன் தள்ளினோம் என்று நம்மால் சொல்ல முடிந்ததா? இந்த மர விஷயத்தில் நண்பரால் முடியவில்லை.

மரத்தையே எடுத்துக்கொள்வோம். டிஸ்னிலாண்ட் 1955இல் திறக்கப்பட்டது. நெடுங்காலம் அங்கே நிறுத்தப்பட்டது அசல் மரம்தான். கலிஃபோர்னியாவின் வட கோடியில் ஷாஸ்டா மலைப் பக்கத்துக் காட்டில் வெட்டிய வெள்ளை ஃபர் மரம். நூற்றுக்கணக்கான மைல் லாரியில் கிடந்து வந்து, ஆறேழு வாரம் விளக்குகளைச் சுமந்து நின்று, ஜனவரியில் குப்பைக்குப் போகும். 2008இலிருந்து செயற்கை மரம். துண்டு துண்டாகக் கிரேன் வைத்து ஏற்றிப் பொருத்துகிறார்கள். நண்பர் இந்த மாற்றத்தை ஒரு வீழ்ச்சியாகக் குறித்திருக்கிறார். எனக்கென்னவோ வெட்டிய மரத்தைக் காட்டிலும் இந்தப் பிளாஸ்டிக் மரத்தின் மேல் ஒரு மரியாதை உண்டாகிறது. அது ஒவ்வொரு வருஷமும் திரும்பி வருகிறது. அதற்கு வயதாகிறது. வெட்டிய மரத்துக்கு அந்தப் பாக்கியம்கூடக் கிடையாது. அசல் என்பதற்காக ஒரு பிணத்துக்கு முதல் மரியாதை தர நான் தயாராக இல்லை.

அசல் அசல் என்று நாம் எதைத் தேடிப் போகிறோம்? 1848இல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' ஒரு படம் போட்டது. விக்டோரியா ராணியும் ஆல்பர்ட்டும் குழந்தைகளோடு அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கிறார்கள். இங்கிலாந்தில் மத்தியதரக் குடும்பங்கள் மரம் வைக்க முண்டியடித்ததற்கு அந்தப் படம் பெரிய காரணம். இரண்டு வருஷம் கழித்து, 1850இல், அமெரிக்காவில் 'கோடீஸ் லேடீஸ் புக்' என்ற பெண்கள் பத்திரிகை அதே படத்தைப் போட்டது, சின்னத் திருத்தங்களோடு. ராணியின் தலையில் இருந்த கிரீடம் போயிற்று. ஆல்பர்ட்டின் மீசை போயிற்று. ராஜ குடும்பம் ஒரு சாதாரண அமெரிக்கக் குடும்பமாகிவிட்டது. 'பாரம்பரியமான அமெரிக்கக் கிறிஸ்மஸ்' என்று இன்றைக்கு ஏக்கத்தோடு பேசப்படுவதன் மூல விக்கிரகங்களில் ஒன்று, மீசை சுரண்டிய படம். மரத்தில் மின்விளக்கு வந்ததும் பக்தியால் இல்லை. 1882இல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்ஸன் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக 80 பல்புகளைச் சுற்றி, மரத்தையே மோட்டார் வைத்துச் சுழலவிட்டு, பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினார். மின்சாரத்தை விற்க வேண்டியிருந்தது. ஆக, டிஸ்னி வந்து கெடுப்பதற்கு முன்னால் எங்கோ ஒரு தூய மரம் தூய வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தது என்ற கற்பனையை நண்பர் கைவிடுவது நல்லது.

அடுத்து ஏமாற்று. ஜனங்கள் மாயையில் மயங்கி மெய்யை மறக்கிறார்கள் என்கிறார். 2014 டிசம்பரில் ஃப்ளோரிடாவில் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்திக்கு அப்போது ஏழு வயது. டிஸ்னியின் ஃப்ளோரிடாப் பூங்காக்களில் ஒன்றில் நாங்கள் நின்றிருந்தபோது மேலிருந்து வெள்ளை வெள்ளையாக இறங்கியது. என் கண்ணாடியில் ஒன்று விழுந்து வழிந்தது. வாழ்க்கையில் பனி பார்த்திராதவன் நான். முகத்தில் என்ன தெரிந்ததோ, பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, பரிதாபப்பட்டு, "தாத்தா, இது சோப்பு" என்றாள். சொல்லிவிட்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்து அந்தச் சோப்பு நுரையைப் பிடிக்க ஓடினாள். எங்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான பேர். அது சோப்பு என்று தெரியாதவர் ஒருவரும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மெயின் ஸ்ட்ரீட்டின் மேல்மாடிகள் கீழ்மாடிகளைவிடச் சின்ன அளவில் கட்டப்பட்டவை, கட்டடம் உயரமாகத் தெரிவதற்காக. மிட்டாய்க் கடைப் பக்கம் வருகிற வாசனை யந்திரம் வைத்து ஊதப்படுவது. கிறிஸ்மஸ் சமயத்தில் அது பெப்பர்மின்ட்டாக மாறும். இதெல்லாம் அங்கே போகிறவர்கள் ஒருவருக்கொருவர் பெருமையோடு சொல்லிக்கொள்கிற சங்கதிகள். கூத்தில் மீசை ஒட்டியது என்று தெரியாமலா ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்? ஏமாறுகிறவன் யாரும் இல்லாத இடத்தில் ஏமாற்று என்று கூச்சல் போடுவது விமர்சனம் ஆகாது.

அப்படியானால் எனக்கு அங்கே எதுவும் உறுத்தவில்லையா? உறுத்தியது. எது என்று கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷங்கள் ஆயிற்று. கண்டுபிடிக்க உதவியது ஒரு மனிதரின் கதை.

ஆர்கன்ஸா மாநிலத்தில் லிட்டில் ராக் என்ற ஊரில் ஜென்னிங்ஸ் ஆஸ்போர்ன் என்று ஒரு பணக்காரர். மருத்துவ ஆராய்ச்சி நிலையம் வைத்துச் சம்பாதித்தவர். 1986இல் அவருடைய சின்னப் பெண் வீட்டுக்குக் கிறிஸ்மஸ் விளக்குப் போடலாம் என்று கேட்டாள். போட்டார். மறு வருஷம் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த வருஷம் அதற்கும் மேலே. பக்கத்தில் இருந்த இரண்டு வீடுகளை விலைக்கு வாங்கி அவற்றிலும் போட்டார். 1990களின் தொடக்கத்தில் 30 லட்சம் விளக்குகள். பார்க்க வருகிற கார்கள் தெருவை அடைத்துக்கொண்டன. குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டுக்குப் போகவும் வரவும் முடியவில்லை. 1993இல் ஆறு பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அவர் வேறு அப்பீல்களும் செய்து பார்த்தார். ஜெயித்தது அண்டை வீட்டார். 'தொல்லை' என்பதுதான் சட்டம் அந்த விளக்குகளுக்குக் கொடுத்த பெயர்.

நான் ஆஸ்போர்னின் கட்சி இல்லை. விளக்குக்காக வீடு வாங்குகிறவன் என் பக்கத்து வீட்டுக்காரனாக வந்தால் நான்தான் முதலில் கோர்ட்டுக்குப் போவேன். அவரிடம் ரசனை இருந்தது என்றும் சொல்லவில்லை. 30 லட்சம் பல்பு போடுகிறவனுக்கு ரசனை எங்கிருந்து வரும்? ஆனால் அந்த வழக்கில் ஒரு முழு நாடகமும் இருக்கிறது. கேட்ட குழந்தை, கட்டுக்கடங்காத அப்பா, வாசலில் காரை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிற ஊர், தூக்கம் கெட்ட எதிர் வீடு, நடுவில் நீதிபதி. கொண்டாட்டம் என்பதே இந்த இழுபறி இல்லாமல் எங்கே நடந்திருக்கிறது?

1995இல் டிஸ்னி அந்த விளக்குகளை ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோயிற்று. அப்போது டிஸ்னி-எம்ஜிஎம் ஸ்டூடியோஸ் என்று பெயர். 2008இல் பெயரை மாற்றினார்கள். அங்கே எந்த இடத்தில் போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பூங்காவில் 'ரெஸிடென்ஷியல் ஸ்ட்ரீட்' என்று ஒரு தெரு இருந்தது. குடியிருப்புத் தெரு. படப்பிடிப்புக்காகக் கட்டிய வீட்டு முகப்புகள். 'கோல்டன் கேர்ள்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் வீட்டு முகப்பும் அவற்றில் ஒன்று. முன்னால் புல்வெளி, வாசல், ஜன்னல், திரைச்சீலை. பின்னால் முட்டுக் கொடுத்த சட்டங்கள். சமையலறை கிடையாது, படுக்கையறை கிடையாது, உள்ளே ஒரு ஜீவன் கிடையாது. குடியிருக்கிறவர்கள் துரத்திய விளக்குகளுக்கு, குடியிருக்க ஆளில்லாத குடியிருப்புத் தெருவில் இடம் கிடைத்தது. எந்த நாவலாசிரியனாவது இதை எழுதியிருந்தால் குறியீடு துருத்திக்கொண்டு நிற்கிறது என்று நாமே திட்டியிருப்போம்.

2003இல் அந்த முகப்புகளை இடித்தார்கள், கார்ச் சாகசக் காட்சிக்கு இடம் வேண்டும் என்று. விளக்குகள் நியூயார்க், ஸான் ஃபிரான்ஸிஸ்கோ முகப்புகள் இருந்த இன்னொரு தெருவுக்குப் போயின. 2006இலிருந்து பாட்டுக்குத் தகுந்தபடி அணைந்து எரிய ஆரம்பித்தன. எண்ணிக்கை 50 லட்சத்தைத் தொட்டது. நான் 2014இல் நின்றது இந்தத் தெருவில். பாட்டு ஆரம்பித்து, தெரு முழுக்க ஒரு கணம் இருண்டு, ஒரேயடியாகப் பற்றிக்கொண்டபோது என் தொண்டை அடைத்தது. இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. அடைத்த தொண்டையோடு நான் தேடியது எனக்கே விநோதமாக இருந்தது. இவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு ஜன்னலைச் சடாரென்று சாத்தி, "போதும், அணையுங்கள்" என்று கத்த ஒரு கிழவி இல்லையே என்று பட்டது. கத்தினால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அந்தக் கிழவி இருக்கிற தெருவில்தான் விளக்கேற்றுவதற்குத் தைரியம் வேண்டும், பிரியம் வேண்டும், மறுநாள் காலை ஒரு தட்டில் கேக் வைத்துக்கொண்டு போய்ச் சமாதானம் செய்ய வேண்டும். இங்கே டிக்கெட் வாங்கினால் போதும்.

நண்பர் 'போலி' என்று சொல்கிற இடத்தில் நான் சொல்வது இது. அந்தத் தெருவின் குறை வீடுகள் பொய் என்பதில் இல்லை, அங்கே ஆட்சேபிக்க ஆள் இல்லை என்பதில் இருக்கிறது. ஒட்டு மீசைக் கூத்துக்கு எதிரே தூங்கி வழிகிறவன் உண்டு, கல்லெறிகிறவன் உண்டு, கட்டியங்காரனை எதிர்த்துப் பேசுகிறவன் உண்டு. இங்கே எல்லோரும் சந்தோஷப்படச் சம்மதித்துப் பணம் கட்டிவிட்டு உள்ளே வந்தவர்கள்.

லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்து மரத்தைப் பாருங்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது நார்வே ராஜாவுக்கும் அரசாங்கத்துக்கும் இடம் கொடுத்ததற்கு நன்றியாக 1947இலிருந்து வருஷந்தோறும் ஆஸ்லோ நகரம் அனுப்புவது. 20 மீட்டருக்குக் குறையாத ஸ்ப்ரூஸ் மரம்; அலங்காரம் என்று பார்த்தால் நெட்டுக்குத்தலாகத் தொங்குகிற சில விளக்குச் சரங்கள், அவ்வளவுதான். டிஸ்னியின் அலங்காரக்காரர்கள் பார்த்தால் வேலையை விட்டுப் போய்விடுவார்கள். லண்டன்காரர்கள் வருஷா வருஷம் அதைத் திட்டுகிறார்கள். கிளை இல்லை, வழியில் அடிபட்டதா, நார்வேக்கு நம் மேல் என்ன கோபம் என்றெல்லாம். 2021இல் கேலி உச்சத்துக்குப் போயிற்று. ஆனாலும் அடுத்த வருஷமும் மரம் வந்தது. கொடுத்தவன் இருக்கிறான், வாங்கியவன் முணுமுணுக்கிறான், இருவருக்கும் நடுவில் ஒரு யுத்தத்தின் ஞாபகம் நிற்கிறது. 60 அடி டிஸ்னி மரத்தை யார் யாருக்குக் கொடுத்தார்கள்?

இன்னொரு மரம். 1931, டிசம்பர் 24. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் சென்டர் கட்டிக்கொண்டிருந்த இடம். பொருளாதார மந்தத்தின் நடுமையம். வேலை கிடைத்ததே பெரிது என்றிருந்த கட்டடத் தொழிலாளிகள் தங்களுக்குள் காசு போட்டு 20 அடி மரம் ஒன்றை வாங்கி, சேற்றுக்கும் இடிபாட்டுக்கும் நடுவே நட்டு, கிரான்பெர்ரிச் சரமும் காகிதத் தோரணமும் தகர டப்பாவும் கட்டினார்கள். மரத்துக்குப் பக்கத்தில் சம்பளம் வாங்க அவர்கள் வரிசையில் நிற்கிற புகைப்படம் இருக்கிறது. இரண்டு வருஷத்தில், 1933இல், நிர்வாகமே மரம் நட்டு விளக்கேற்றும் வைபவமும் தொடங்கிவிட்டது. அது இன்றும் நடக்கிறது, உலகம் முழுக்கத் தெரியும். வைபவம் பெரிதாயிற்று, வரிசையில் நின்றவர்கள் படத்திலிருந்து போய்விட்டார்கள்.

இதை டிஸ்னி ஒரு கட்டடக்கலைச் சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டது. ஃப்ளோரிடாவில் 1971இல் திறந்த மாஜிக் கிங்டமில் ஜனங்கள் நடக்கிற தரை உண்மையில் இரண்டாவது தளம். கீழே, முதல் தளத்தில், சுரங்கம் போன்ற நடைபாதைகள் ஓடுகின்றன. வேலை செய்கிறவர்கள் அதன் வழியாகப் போய் அவரவர் இடத்தில் மேலே வருகிறார்கள். கௌபாய் வேஷம் போட்டவன் எதிர்காலப் பட்டணத்துக்குள் நடந்து போகிற ரசாபாசம் நேரக்கூடாது என்பது காரணம். குப்பையும் கீழ் வழியாகத்தான் போகிறது. அக்டோபர் கடைசியில் பூசணிக்காய்ப் பொம்மைகள் இருந்த இடத்தில் நவம்பர் பிறந்ததும் கிறிஸ்மஸ் தோரணம். மாற்றம் நடப்பது பூங்கா மூடியதற்கும் திறப்பதற்கும் நடுவில், ராத்திரியில். ஏணி மேல் நின்று திட்டுகிற மனிதனை, சிக்கலான விளக்குச் சரத்தைப் பல்லால் கடித்துப் பிரிக்கிறவனை, சரிந்து விழப்போகும் மரத்தைத் தோளால் தாங்குகிறவனை யாரும் பார்ப்பதில்லை. கொண்டாட்டத்தில் பாதி இதுதான் என்று எனக்குப் படுகிறது. மீதிப் பாதிதான் ஜனங்களுக்கு விற்கப்படுகிறது.

நாளும் தொலைந்துவிட்டது. கிறிஸ்தவ வருஷத்தில் டிசம்பர் 25க்கு முந்தின நாலு ஞாயிறும் காத்திருப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. மாஜிக் கிங்டமில் தனி டிக்கெட் வைத்து 1983இல் ஆரம்பித்த கிறிஸ்மஸ் இரவு விருந்து இப்போது நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த ராத்திரிகளில் சாதாரண டிக்கெட்காரர்கள் மாலை ஆறு மணிக்கு வெளியேற வேண்டும். காத்திருத்தல் மட்டும் ஒழியவில்லை. அது கியூவுக்கு இடம் மாறிவிட்டது.

நண்பர் இதில் எதையும் எழுதவில்லை. எழுதியிருக்க முடியும், அவருக்கு என்னைவிடக் கூர்மையான கண். 'போலி' என்று முதல் பாராவிலேயே தீர்ப்பு எழுதிவிட்டதால் சாட்சிகளைக் கூப்பிட வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. கூப்பிட்டிருந்தால் ஒரு பூனையையும் கூப்பிட வேண்டியிருந்திருக்கும்.

ஆஸ்போர்ன் வீட்டிலிருந்து விளக்குகளை மூட்டை கட்டியபோது கூடவே தவறுதலாக ஒரு கறுப்புப் பூனை வந்துவிட்டது. ஹாலோவீனுக்கு வைக்கிற பூனை அலங்காரம். கிறிஸ்மஸில் அதற்கு வேலையே கிடையாது. வேறு எந்தப் பொருளாயிருந்தாலும் அந்த ஸ்தாபனத்தில் அதைக் கிடங்குக்கு அனுப்பியிருப்பார்கள். விளக்குப் போடுகிறவர்கள் அதை அனுப்பவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தெருவில் எங்காவது ஒளித்து வைத்தார்கள், வருஷத்துக்கு ஒரு இடமாக. தெரிந்தவர்கள் தேடினார்கள். 50 லட்சம் பல்புகளுக்கு நடுவே, தப்பான பண்டிகையைச் சேர்ந்த, யாருக்கும் உபயோகமில்லாத ஒரு பூனை. ராத்திரியில் ஏணி மேல் நின்ற, நமக்குப் பெயர் தெரியாத யாரோ ஒருவர் போட்ட கையெழுத்து அது. அந்தத் தெருவில் அது ஒன்றுதான் லிட்டில் ராக்கின் அந்தக் கட்டுக்கடங்காத வீட்டை ஞாபகம் வைத்திருந்தது.

ஆஸ்போர்ன் 2011இல் இறந்தார். விளக்குகள் 2016 ஜனவரி வரை எரிந்தன. பிறகு அந்தப் பகுதியை இடித்தார்கள். அந்தப் பக்கம் இப்போது நட்சத்திர யுத்தப் படங்களின் கிரகம் ஒன்று இருக்கிறது, 2019இல் திறந்தார்கள்.

2014இல் எனக்குப் பூனையைப் பற்றி மகள் சொல்லியிருந்தாள். சோப்புப் பனி ஓய்ந்த பிறகு பேத்தியும் நானும் தேடினோம். அரை மணி நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். அவள் திடீரென்று என் கையை விட்டுவிட்டு நின்றாள். எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். நீயே தேடு தாத்தா" என்றாள்.